கரண்டு பஸ்ஸுக்குத் தாத்தா போட்ட பட்ஜெட்

வாடா பேராண்டி, திண்ணையில உக்காரு. திட்ட அறிக்கை எழுதற வேலையில சேந்துட்டியாமே. நகரத்து வண்டியெல்லாம் இனிமே கரண்டுல ஓடணும், அதுக்குப் பணம் எங்கேருந்து வரும்னு எழுதித் தரணுமாமே. நல்ல உத்தியோகம்டா. அடுத்தவன் பணத்தத் தேடறதுக்கு ஒனக்குச் சம்பளம்! எனக்கு என்னா தெரியும், நெய்வேலி மந்தாரக்குப்பத்துப் பக்கம் மல்லாட்ட ஒடைச்சிக்கிட்டு உக்காந்திருக்கற கெழவன். ஆனா அந்தக் கரண்டு எந்தக் கரிக் குழியிலேர்ந்து கெளம்புதுன்னு பாத்தவன். கேட்டுட்டுப் போ.

மொத யோசன, பஸ்ஸ வாங்காத. சிரிக்காதடா. 2025 ஜூன் 30 அன்னிக்கு மெட்ராஸ் வியாசர்பாடி டெப்போவுல முதலமைச்சர் ஸ்டாலின் கொடியசைச்சு 120 மின்சாரப் பஸ்ஸ அனுப்பி வெச்சாரே, அதுல ஒண்ணக்கூட மாநகர் போக்குவரத்துக் கழகம் சொந்தமா வாங்கல. வண்டி கம்பெனியோடது, டிரைவர் கம்பெனி ஆளு, கண்டக்டர் மட்டும் கழகத்து ஆளு. ஓடின கிலோமீட்டருக்குக் கூலி. ஏசி இல்லாத வண்டிக்கு 77 ரூவா சொச்சம், ஏசி வண்டிக்கு 80 ரூவா சொச்சம். உள்ள ஆளு நெறஞ்சிருந்தாலும் அதே கூலிதான், கண்டக்டர் மட்டும் தனியா ஜன்னலோரம் காத்து வாங்கிட்டுப் போனாலும் அதே கூலிதான். ஏசி இல்லாததுல பொம்பளைங்களுக்கு டிக்கெட்டும் இல்ல. அது நல்ல காரியம்டா, அதுல நான் வாய வைக்க மாட்டேன், வெச்சா ஒங்க ஆயா எனக்குச் சோறு வைக்க மாட்டா. ஆனா டிக்கெட்டுல வராத காச யாராச்சும் கட்டித்தான ஆவணும்?

இந்தத் திட்டத்துக்குப் பின்னால உலக வங்கி இருக்கு. பேப்பர்ல ‘உதவி’ன்னு போட்டிருப்பான், நீ ‘கடன்’னு படிச்சிக்க. அதனால ஒன் அறிக்கையில பஸ்ஸோட படத்துக்கு ஒரு பக்கம் போதும். மாசாமாசம் கூலிய யாரு கட்டறது, கட்ட முடியாத மாசம் என்னா பண்றதுன்னு பத்துப் பக்கம் எழுது. அந்தப் பத்துப் பக்கத்த மேலதிகாரி பொரட்டாமத் தள்ளுவாரு பாரு, எந்தப் பக்கம் முக்கியம்னு அப்ப ஒனக்கே வெளங்கிடும்.

ரெண்டாவது, டெப்போ. அந்த 120 பஸ்ஸுக்கு 207.90 கோடின்னா, வியாசர்பாடி டெப்போவுக்கும் சார்ஜ் ஏத்தற சாமானுக்கும் மட்டும் 47.50 கோடி. பஸ்ஸுக்கு நாலு ரூவான்னா எடத்துக்கும் ஒயருக்கும் ஒரு ரூவான்னு வெச்சிக்க. இத நம்மாளுங்க மறந்துடுவாங்க. ஆனைய வாங்கினவன் அங்குசம் வாங்க யோசிச்சானாம், அந்தக் கதைதான். டில்லிக்கே இந்தப் புத்தி மெதுவாத்தான் வந்துச்சு. 2019ல மின்வாகன மானியத்துக்கு ஃபேம் ரெண்டாம் கட்டம்னு 10,000 கோடி ஒதுக்கினப்ப, சார்ஜ் ஏத்தற நெலையத்துக்கு 1,000 கோடி, பத்துல ஒரு பங்கு. 2024 அக்டோபர்ல பி.எம். இ-டிரைவ்னு 10,900 கோடிக்கு வந்தப்ப, அதுக்கு 2,000 கோடி. கிட்டத்தட்ட அஞ்சுல ஒரு பங்கு. அஞ்சு வருசத்துல பங்கு கிட்டத்தட்ட ரெட்டிப்பா ஆச்சுன்னா, நடுவுல எத்தன வண்டி பிளக்கு தேடி அலஞ்சிருக்கும்னு யோசிச்சிக்க. நீ மொதல்ல டிரான்ஸ்பார்மருக்கு எடம் கேளு, ஒயர இழு, அப்பறமா பஸ்ஸுக்குப் பூச போடு. என்னா, டிரான்ஸ்பார்மர் முன்னால நின்னு போட்டோ எடுத்துக்க எந்தத் தலைவரும் வர மாட்டாரு. அது ஒண்ணுதான் கொறை.

மூணாவதத்தான் காதக் கிட்டக் கொண்டாந்து கேக்கணும். பஸ்ஸு பகலெல்லாம் ஓடிட்டு ராத்திரி டெப்போவுல படுத்துக்கும். அப்பத்தான சார்ஜ் ஏத்தணும்? சூரியத்தகடு ராத்திரியில கொறட்ட விட்டுத் தூங்கும். தெக்கத்திக் காத்தாடி வைகாசியில எழுந்து ஆவணி தாண்டினா சோம்பிப் போவும். ராத்திரியெல்லாம் கண்ணு முழிக்கறது யாரு? நம்ம நெய்வேலி பாய்லரு. ரஷ்யாக்காரன் ஒதவியோட 1962ல கரண்டு குடுக்க ஆரம்பிச்ச மொதல் அனல்மின் நெலையத்த 2020ல மூடிட்டாங்க. மத்ததுங்க முழிச்சிக்கிட்டுத்தான் இருக்கு.

நம்ம பழுப்பு நெலக்கரியில பாதி தண்ணி. ஒரு யூனிட் கரண்டுக்குக் கிட்டத்தட்ட ஒரு கிலோ எரிக்கணும். பெரிய பஸ்ஸு ஒரு கிலோமீட்டர் போவ ஒரு யூனிட்டுக்கு மேல குடிக்கும். மெட்ராஸ்ல ஜனம் சொகுசாக் குந்திக்கினு பத்துக் கிலோமீட்டர் போற பஸ்ஸு, நெய்வேலிக் கரண்டுல ஓடினா, பத்துக் கிலோவுக்கு மேல கரியத் தின்னுட்டுத்தான் போவும். கொழாயில பொக வரலன்னு அதுக்கு வெள்ளச் சட்ட போட்டு வுட்டுடாத. சைதாப்பேட்டையில வராத பொக இங்க வந்து எறங்கிடும். ஒரு டன் கரிய எடுக்க அஞ்சாறு கன மீட்டர் மேல்மண்ண வாரிக் கொட்டறாங்க. அந்த மண்ணு யாரோ ஒருத்தன் கொல்ல. 2023ல வளையமாதேவியில, பரவனாத்துக்கு மாத்துக் கால்வா வெட்டறோம்னு, நட்டு வளந்து நின்ன நெல்லு மேலயே கரிக் கம்பெனிக்காரங்க மெஷின ஏத்தினாங்களே, மறந்துட்டியா?

அதுக்காவக் கரண்டு பஸ்ஸே வேணாம்னு சொல்றேன்னு நெனைக்காத. டீசல் பொகைய மூஞ்சியிலயே வாங்கிக்கிட்டு டிராபிக்ல நிக்கற ஜனத்துக்கு அது நல்லதுதான். வெயிலு கொளுத்தற பன்னெண்டு மணியிலேர்ந்து மூணு மணி வரைக்கும், கூட்டம் இல்லாத நேரத்துல, பாதி வண்டியக் கொண்டாந்து நிறுத்தி சார்ஜ் ஏத்துன்னு எழுது. டெப்போ கூரை மேல தகடு போடுன்னு எழுது. நெய்வேலியிலயே நூறு மெகாவாட்டுக்கு மேல தகட்ட விரிச்சி வெச்சிருக்காங்க, கரிக் கம்பெனிக்கே வெயிலு மேல ஆச வந்துடுச்சி, ஒனக்கு என்னா?

நாலாவது, நம்ம ஊரு. 2023ல மாநில அரசு மின்வாகனக் கொள்கைன்னு ஒண்ணு வெளியிட்டுச்சி. மின்வாகன நகரம்னு ஆறு பேரு போட்டாங்க. சென்னை, கோவை, திருச்சி, மதுரை, சேலம், திருநெல்வேலி. நெய்வேலி எங்க? 1935 வாக்குல ஜம்புலிங்க முதலியார் தண்ணிக்குத் தோண்டப் போயி கரியக் கண்ட நாளு தொட்டு, இந்த மண்ணு குடுத்துக்கிட்டே இருக்கு. கொல்லயக் குடுத்தோம், கெணத்துத் தண்ணியக் குடுத்தோம். பக்கத்து ஊரு முதனைக்குப் போவணும்னா பஸ்ஸுக்கு இன்னும் வேப்பமரத்தடியில காத்துக் கெடக்கறோம். அதனால எந்தத் திட்டத்துக்கு எழுதினாலும் கீழ ஒரு வரி சேத்துடு. நூறு பஸ்ஸு பட்டணத்துக்குப் போனா அஞ்சு பஸ்ஸு கரி தோண்டற ஊருக்கு வரணும்னு. அத அடிச்சிடுவாங்கன்னு எனக்குத் தெரியும். யாரு அடிச்சான்னு நீ பாத்து வெச்சிக்க.

கடசியா ஒண்ணு. தொறப்பு விழாவுக்கு மந்திரியக் கூப்புட்டா, மொத நாளு கூப்புடாத. அஞ்சு வருசம் கழிச்சி, பேட்டரிக்கு வயசானப்பறம் வந்து கொடியசைங்கன்னு சொல்லு. அன்னிக்கும் வண்டி நகந்துச்சின்னா மால நான் வாங்கிட்டு வரேன். ஆனா மாலக் காச திட்டச் செலவுல எழுதிடாத, அதுக்கும் உலக வங்கி வட்டி கேப்பான்.