கிருகஸ்தன் கண்ட கிரகங்கள்

சினிமாவைப் பற்றி அபிப்பிராயம் சொல்வதற்கு, அதைக் கரைத்துக் குடித்த பண்டிதருக்கோ, டிக்கெட்டுக்குக் கைக்காசு கொடுத்தவருக்கோதான் அதிகாரம் உண்டு என்று பொதுவாக ஒரு நம்பிக்கை நிலவி வருகிறது. நான் இரண்டு வகையிலும் சேர்ந்தவன் அல்ல. இரவு ஆகாரம் முடித்து, வெற்றிலை போட்டுக்கொண்டு, சாய்வு நாற்காலியில் காலை நீட்டி, நித்திரை வருகிற வரையில் எது ஓடினாலும் ஆட்சேபம் இன்றிப் பார்த்துக்கொண்டிருக்கும் சாமானியன். உத்தியோக காலம் முழுவதும் சர்க்கார் கணக்குகளைத் தணிக்கை செய்தே கழித்தவனாகையால், ஒரு படத்தில் பிரபஞ்ச ரகசியமே வெட்டவெளிச்சமாக விளக்கப்பட்டாலும் அதை விட்டுவிட்டு, அந்த ரகசியத்தைத் தேடிப் போனவர்கள் வழியில் என்ன சாப்பிட்டார்கள், கம்பளி எடுத்துக்கொண்டார்களா, திரும்பி வருவதற்கு யார் பொறுப்பு என்பவற்றையே கவனிக்கும் சுபாவம் எனக்கு ஊறிப்போய்விட்டது.

இத்தகைய என்னிடம் உலகத்துப் புரியாத படங்களை எல்லாம் கொண்டுவந்து சேர்த்த புண்ணியவான் என் தமக்கையின் மகன். திரைப்படக் கலை பயிலும் அவன் எங்கள் வீட்டு மாடியில் குடியிருக்கிறான். கல்ட் படம் என்றால் என்ன என்று ஒரு நாள் அவனைக் கேட்டேன். வெளியான காலத்தில் எவரும் சீந்தாமல், பிற்காலத்தில் ஒரு சிறு கூட்டம் மட்டும் குலதெய்வமாக வரித்துக்கொண்டு கொண்டாடும் படம் என்று அவன் கொடுத்த விளக்கம் எனக்கு உடனே விளங்கியது. குலதெய்வத்திடம் யாரும் தர்க்கம் கேட்பதில்லை.

முதலில் அவன் போட்டது, 1929-இல் பிரான்ஸில் எடுக்கப்பட்ட 'ஆந்தலூசிய நாய்' என்னும் மௌனப் படம். லூயி புனுவெல் என்னும் ஸ்பானியரும், பிற்பாடு ஓவியத்தால் ஒரு பங்கும் மீசையால் ஒரு பங்கும் கீர்த்தி அடைந்த சால்வதோர் தாலியும் சேர்ந்து செய்த காரியம் அது. ஒருவர் கண்ட சொப்பனத்தில் மெல்லிய மேகம் ஒன்று சந்திரனைக் குறுக்கே கீறிக்கொண்டு போயிற்று. மற்றவர் கண்ட சொப்பனத்தில் ஒரு கையில் எறும்பு மொய்த்தது. நம் வீடுகளில் இப்படிச் சொப்பனம் வந்தால் உடம்பில் உஷ்ணம் அதிகம் என்று தீர்மானித்து, சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு மறந்துவிடுவோம். அவர்களோ புனுவெலின் தாயாரிடம் பணம் வாங்கிப் படமாகவே எடுத்துவிட்டார்கள். படத்தில் நாய் இல்லை, ஆந்தலூசியாவும் இல்லை. காரணம் சொல்லி விளக்கக்கூடிய எதுவும் உள்ளே வரக்கூடாது என்பது, எழுதும்போதே இருவரும் செய்துகொண்ட உடன்படிக்கை. ஆரம்பத்திலேயே ஒரு கண்ணைச் சவரக் கத்தியால் அறுக்கிறார்கள். அது செத்துப்போன ஒரு கன்றின் கண் என்று மருமான் சமாதானம் சொன்னான். "அட பாவிகளா, கன்னுக்குட்டியா!" என்று எழுந்து உள்ளே போன என் மனைவி, அன்று முழுவதும் ஹாலுக்கு வரவில்லை. நான் மட்டும் உட்கார்ந்து, ஒரு மனிதன் இரண்டு பியானோக்களையும், அவற்றின் மேல் கிடந்த செத்த கழுதைகளையும், பின்னால் கட்டுண்டு கிடந்த பாதிரிமார்களையும் கயிற்றால் இழுத்துக்கொண்டு வருவதைப் பார்த்து, பியானோக்கள் சொந்தமா வாடகையா என்று யோசித்துக்கொண்டிருந்தேன். நடுவில் 'எட்டு வருஷங்களுக்குப் பின்' என்று எழுத்துக் காட்டுகிறார்கள். சிறிது நேரம் கழித்து, 'பதினாறு வருஷங்களுக்கு முன்' என்கிறார்கள். பார்த்தால் அதே அறை, அதே ஆசாமிகள். தேதியை முன்னும் பின்னும் மாற்றி எழுதி விவகாரத்தை இருந்த இடத்திலேயே வைத்திருக்கும் சாமர்த்தியத்தை என் சர்வீஸில் எத்தனையோ பதிவேடுகளில் கண்டிருக்கிறேனாகையால், சர்ரியலிஸம் என்பது எனக்குப் புதிய விஷயமாகப் படவில்லை.

முதல் காட்சியின்போது ஜனங்கள் அடிக்க வந்தால் திருப்பி எறிவதற்காகப் புனுவெல் சட்டைப்பை நிறையக் கற்களோடு திரைக்குப் பின்னால் நின்றிருந்ததாகத் தம் சுயசரிதையில் சொல்லுகிறார். ஜனங்கள் கை தட்டினார்கள். கற்களைப் பேசாமல் கீழே போட்டுவிட்டார். படம் பாரிஸில் எட்டு மாதம் ஓடியது. தாம் செய்த காரியம் எப்பேர்ப்பட்டது என்பதை உணர்ந்து முன்ஜாக்கிரதையோடு வந்தவர் என்ற முறையில் அவரிடம் எனக்குப் பெருமதிப்பு உண்டு. இக்காலத்து டைரக்டர்கள் கல்லும் கொண்டுவருவதில்லை, பேட்டி கொடுத்துவிட்டுப் போய்விடுகிறார்கள்.

ஆகாசப் பிரயாணப் படங்களில் என் மனத்துக்கு உகந்தவர் ஜார்ஜ் மெலியே. 1902-இல், ஆகாய விமானமே பறக்காத காலத்தில், அவர் தம் ஆட்களைப் பீரங்கிக் குண்டுக்குள் உட்கார வைத்துச் சந்திரனுக்குச் சுட்டு அனுப்பினார். குண்டு போய்ச் சந்திரனின் கண்ணிலேயே குத்தி நின்றது. போனவர்கள் குடையும் போர்வையும் எடுத்துப் போயிருந்தார்கள் என்பதைக் கண்டதும் எனக்கு உண்டான திருப்தியை எழுத்தில் சொல்ல முடியாது. போய் இறங்கியதும் போர்வையை விரித்துப் படுத்துத் தூங்கினார்கள். சந்திரவாசிகள் சண்டைக்கு வந்தபோது குடையால் ஓர் அடி. அந்தப் பிராணி புகையாகப் போயிற்று. திரும்பி வருவதற்கு அவர்களிடம் யந்திரம் எதுவும் இல்லை. சந்திரனின் ஓரத்தில் இருந்த குண்டைக் கயிற்றால் இழுத்துக் கீழே விழச் செய்தார்கள். அது நேரே பூமியின் சமுத்திரத்தில் வந்து விழுந்தது. திரும்பும் பிரயாணத்துக்குக் காலணாச் செலவு இல்லாமல் முடித்த விண்வெளி யாத்திரை இது ஒன்றுதான் என்று நினைக்கிறேன்.

இதற்கு நேர் எதிரானது '2001: எ ஸ்பேஸ் ஒடிஸி'. ஸ்டான்லி குப்ரிக் 1968-இல் வெளியிட்டார். கதையில் அவருக்குத் துணை நின்ற ஆர்தர் ஸி. கிளார்க், 1956 முதல் இலங்கையில் வசித்து வந்தவர். முதல் கால் மணிக்கும் மேலாகக் குரங்குகள் மட்டுமே வருகின்றன. ஒரு வார்த்தை சம்பாஷணை இல்லை. எங்கள் பெட்டியில் சத்தம் கெட்டுவிட்டது என்று எண்ணி, என் மனைவி இரண்டு முறை வந்து பார்த்துவிட்டுப் போனாள். பிறகு ஒரு குரங்கு எலும்பைத் தூக்கி மேலே எறிய, அது கீழே வருவதற்குள் லட்சக்கணக்கான வருஷங்கள் கழிந்து, எலும்பு இருந்த இடத்தில் ஆகாசக் கப்பல் மிதக்கிறது. இந்த இடத்தில் மருமான் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். நான் புல்லரித்திருக்க வேண்டும் போலும். எனக்குப் புல்லரித்த இடம் வேறு. சந்திரனுக்குப் போகும் ஒரு விஞ்ஞானி, எடையற்ற நிலையில் கழிப்பறையை உபயோகிக்கும் முறை பற்றிப் பத்து ஷரத்துகளாகப் பொடி எழுத்தில் எழுதி ஒட்டியிருக்கும் நீண்ட அறிவிப்பின் முன்னே நின்று, கவலை தோய்ந்த முகத்தோடு படித்துக்கொண்டிருக்கிறார். ரயிலில் பிரயாணம் செய்த எவனும் அந்த முகத்தை அறிவான். பிரபஞ்சத்தின் ஆதி அந்தத்தைப் பற்றி ஒரு டைரக்டர் எவ்வளவு ஆழமாகச் சிந்தித்தார் என்பதை அளக்க எனக்கு யோக்கியதை இல்லை; கழிப்பறையை மறந்தாரா, மறக்கவில்லையா என்பதை வைத்தே நான் ஆளை மதிப்பிடுவது. குப்ரிக் மறக்கவில்லை.

அதே விஞ்ஞானி ஆகாச நிலையத்திலிருந்து பூமியில் இருக்கும் தம் சிறு பெண்ணோடு முகம் பார்த்துப் பேசுகிறார். பிறந்த நாளுக்கு என்ன வேண்டும் என்று கேட்கிறார். குழந்தை ஒரு குட்டிக் குரங்கு மாதிரியான பிராணியைக் கேட்கிறாள். பேசி முடித்ததும் கட்டணம் 1 டாலர் 70 சென்ட் என்று திரையில் விழுகிறது. நான் அந்த இடத்தில் படத்தை நிறுத்தச் சொல்லி, தொகையைச் சரிபார்த்துக்கொண்டேன். அவர் ஏறி வந்த கப்பலில் பான் ஆம் கம்பெனியின் பெயர் பொறித்திருக்கிறது. அந்த விமானக் கம்பெனி 1991-லேயே மூடப்பட்டுவிட்டது. சாப்பாடு விஷயம் பரிதாபம். ஒரு கப்பலில் குழல் வைத்து உறிஞ்சுகிறார்கள். எந்தக் குழலில் எந்தக் காய் என்பதற்குப் படம் போட்டிருக்கிறது. சந்திரனில் போகும் வண்டியில் ஸாண்ட்விச்சை எடுத்து, இது கோழியா என்று ஒருவர் கேட்க, ஏறக்குறைய அப்படித்தான் என்கிற பாவனையில் மற்றவர் பதில் சொல்லுகிறார். வியாழ கிரகம் வரை போகத் தெரிந்தவர்களுக்கு ஒரு தயிர் சாதம் கட்டிக்கொள்ளத் தெரியவில்லை. கடைசி அரை மணியின் வர்ணஜாலங்களைப் பற்றி எனக்கு அபிப்பிராயம் இல்லை. கிளார்க் தம் நாவலில் அதையெல்லாம் தெளிவாக விளக்கியிருக்கிறார் என்றும், குப்ரிக் வேண்டுமென்றே விளக்கத்தை நீக்கினார் என்றும் கேள்விப்பட்டு, நாவலைப் படிக்காமல் இருப்பதே குப்ரிக்குக்குச் செய்யும் மரியாதை என்று விட்டுவிட்டேன்.

'பிளேட் ரன்னர்' 1982-இல் வந்தது. கதை நடப்பது 2019 நவம்பரில். அந்த நவம்பரும் வந்து போய்விட்டது. பறக்கும் மோட்டார் உண்டு, மனிதனைப் போலவே செய்த மனிதன் உண்டு. ஆனால் கதாநாயகன் ஒரு பெண்ணோடு பேச வேண்டுமானால் மதுக்கடைச் சுவரில் மாட்டிய பொதுத் தொலைபேசியைத்தான் தேடிப் போகிறான். அதற்குக் கட்டணம் 1 டாலர் 25 சென்ட். ஆகாசத்திலிருந்து பேசவே 1 டாலர் 70 சென்ட்தான் என்னும்போது, ஊருக்குள் பேசுவதற்கு இது அநியாயம். படம் முழுவதும் மழை. யாராவது ஒருவர் துணி உலர்த்துவதையாவது காட்டியிருக்கலாம். இந்தப் படத்துக்கு ஏழு வடிவங்கள் உண்டாம். எந்த வடிவத்திலும் மழைக்குக் குறைவில்லை என்று மருமான் உறுதி கூறினான்.

ரஷ்ய மேதை தார்க்கோவ்ஸ்கியின் 'ஸ்டாக்கர்' 1979-இல் வந்தது. படம் மந்தமாக இருக்கிறது என்று சோவியத் அதிகாரிகள் குறை கூறியபோது, ஆரம்பம் இன்னும் மந்தமாக இருந்திருக்க வேண்டும், அப்பொழுதுதான் தவறான கொட்டகைக்குள் நுழைந்துவிட்டவர்கள் விஷயம் தொடங்குமுன் வெளியேற அவகாசம் இருக்கும் என்று அவர் பதில் அளித்ததாகச் சொல்லுவார்கள். கொட்டகைக்குப் போனவர்களுக்குச் சரி. சொந்த வீட்டு ஹாலில் உட்கார்ந்திருப்பவன் எங்கே வெளியேறுவது? படம் தேயிலைச் சாயம் ஏறிய ஒரே நிறத்தில் ஆரம்பிக்கிறது. மூன்று பேர் ஒரு ரயில் தள்ளுவண்டியில் ஏறி, பிடரிகளை நமக்குக் காட்டிக்கொண்டு, தடக் தடக் என்று போகிறார்கள், போகிறார்கள், போய்க்கொண்டே இருக்கிறார்கள். நான் பழுப்பில் தூங்கி, பச்சையில் விழித்தேன். நான் தூங்கின சமயம் யாரோ வந்து பெட்டியைப் பழுது பார்த்துவிட்டுப் போயிருக்கிறார்கள் என்றே நினைத்தேன். "மாமா, அதுதான் படத்துலேயே முக்கியமான இடம்!" என்று மருமான் தலையில் கை வைத்துக்கொண்டான். அந்த முக்கியமான இடத்தின் முழுப் பயனையும் அடைந்தவன் நான் ஒருவனே என்பது என் கட்சி.

டேவிட் லிஞ்சின் 'இரேஸர்ஹெட்' (1977) எல்லோரையும் பயமுறுத்தும் என்று சொல்லி மருமான் தயங்கித் தயங்கிப் போட்டான். எனக்குப் பயமாக இல்லை. பெண் வீட்டுக்கு முதல் முறை சாப்பிடப் போன எந்த மாப்பிள்ளையின் அனுபவத்தையும் விட அதில் மிகையாக ஒன்றும் இல்லை. உள்ளங்கை அளவு கோழி ஒன்றைத் தட்டில் வைத்து, நீங்களே வெட்டுங்கள் என்று மாமனார் உபசாரம் செய்கிறார். கத்தியை வைத்ததும் வெந்த கோழி காலை ஆட்டுகிறது. மாமனார் சிரித்த முகத்தோடு பார்த்துக்கொண்டிருக்கிறார். பிறகு ஒரு குழந்தை பிறக்கிறது. அதன் ரூபத்தை விவரிக்க மாட்டேன். அது எப்படிச் செய்யப்பட்டது என்பதை லிஞ்ச் கடைசி வரை வெளியிடவே இல்லை. இரவு முழுவதும் அது அழ, தாய்க்காரி தூக்கம் கெடுகிறது என்று பெட்டியைத் தூக்கிக்கொண்டு பிறந்தகம் போய்விடுகிறாள்.

"பிள்ளைக்கு உடம்பு சரியில்லைன்னு பார்த்தாலே தெரியுது. வீட்டுல பெரியவங்க யாருமே இல்லையா?" என்றாள் என் மனைவி.

"பாட்டி இருக்காங்களே, அத்தை" என்று மருமான் படத்தைப் பின்னோக்கி ஓட்டிக் காட்டினான். உண்மைதான், சமையலறை நாற்காலியில் ஒரு பாட்டி அசைவின்றி வீற்றிருக்கிறாள். மாமியார்க்காரி பச்சைக் காய் நிறைந்த பாத்திரத்தை அவள் மடியில் வைத்து, அந்தக் கிழவியின் கைகளைப் பிடித்துத் தானே கலக்கி, வேலை முடிந்ததும் கிழவி வாயில் ஒரு சிகரெட்டைப் பற்றவைத்துச் செருகுகிறாள். என் மனைவி நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "அந்தம்மாவை மட்டும் நல்லா எடுத்திருக்கான்" என்றாள். சினிமா விமரிசனத்தில் அவள் கொடுத்த அதிகபட்ச நற்சான்றிதழ் அதுவே.

உலகத்திலேயே மிக மோசமான படம் என்று பட்டம் பெற்ற எட் வுட்டின் 'பிளான் 9 ஃப்ரம் அவுட்டர் ஸ்பேஸ்' படத்தைப் பற்றி மருமான் ஏளனமாகப் பேசுவான். எனக்கு அது சகிக்கவில்லை. பிரதான நடிகர் பேலா லுகோசி 1956-இல் காலமாகிவிட்டார். கையில் இருந்தது அவர் நடித்த சில நிமிஷத் துண்டுகள். வுட் மனம் தளராமல், தம் மனைவிக்கு முதுகு நீவி வைத்தியம் செய்த ஒருவரை அழைத்து வந்து, அங்கியால் முகத்தை மூடிக்கொள்ளச் சொல்லி, மிச்சப் படத்தை முடித்தார். வைத்தியருக்கும் லுகோசிக்கும் உயரத்தில் கூட ஒற்றுமை இல்லை. பணம் போட்டவர்கள் ஒரு கிறிஸ்தவ சபையினராகையால், அவர்கள் திருப்திக்காக நடிகர் சிலர் ஞானஸ்நானமும் பெற்றார்கள். கல்லறைக் கற்கள் கால் பட்டால் ஆடுகின்றன; ஒரே துரத்தல் பகலில் ஆரம்பித்து இரவில் தொடர்ந்து மறுபடி பகலுக்கு வருகிறது. வரவுக்குள் செலவை அடக்கிக் குடும்பம் நடத்தியவர்கள் இதைப் பார்த்துச் சிரிக்க மாட்டார்கள். சிரிக்க வேண்டுமானால் 2003-இல் வந்த 'தி ரூம்' இருக்கிறது. 60 லட்சம் டாலர் செலவாம். ஃபிலிம் காமிரா ஒன்று, டிஜிட்டல் காமிரா ஒன்று என்று இரண்டை அருகருகே வைத்து ஒரே காட்சியை இரண்டிலும் எடுத்தார்களாம். படத்தில் அலங்காரத்துக்காகக் கரண்டிப் படத்தைச் சட்டம் போட்டு வைத்திருப்பதைக் கண்டு, ரசிகர்கள் கொட்டகையில் பிளாஸ்டிக் கரண்டிகளைத் திரையின் மேல் வீசுகிறார்கள். யார் பெருக்குகிறார்கள் என்று மருமானைக் கேட்டேன், அவனுக்குத் தெரியவில்லை.

இவ்வளவுக்கும் பதிலாக நான் அவனுக்குப் போட்டுக் காட்டியது 'கலை அரசி'. காசிலிங்கம் டைரக்ட் செய்து 1963-இல் வந்த படம்; மனிதன் சந்திரனில் கால் வைப்பதற்கு ஆறு வருஷம் முன்னதாகவே எம்.ஜி.ஆர். வேற்றுக் கிரகத்துக்குப் போய்விட்டார். மேல்நாட்டுப் படங்களில் வேற்றுக் கிரகவாசிகள் பூமிக்கு எதற்கு வருகிறார்கள் என்பதே பாதிப் படம் வரை விளங்குவதில்லை. இதில் வந்தவர்களுக்குத் தண்ணீர் வேண்டாம், தங்கம் வேண்டாம், ராஜ்யமும் வேண்டாம். சங்கீதம் தெரிந்த ஓர் ஆள் வேண்டும், அவ்வளவுதான். பறக்கும் தட்டில் வந்து பானுமதியைத் தூக்கிக்கொண்டு போகிறார்கள். ஆளைத் தேர்ந்தெடுத்த விஷயத்தில் அவர்களுடைய ஞானத்தை நான் மெச்சுகிறேன். சம்பளம் எவ்வளவு, பிரயாணப் படி உண்டா, வருஷத்துக்கு ஒரு முறை ஊர் வந்து போக விடுமுறை தருவார்களா என்பது பற்றி மட்டும் படத்தில் மூச்சே இல்லை.