தப்பினாலும் ஒரு புள்ளி

மெல்பேர்ணில் இருந்து மச்சான் மட்டக்களப்பு கல்லடிக்குப் போன் எடுத்தான். செப்டெம்பர் கடைசிச் சனி அவுஸ்திரேலியக் கால்பந்து இறுதிப் போட்டியாம். அவன்ட அணி கொலிங்வூட் வந்தால் கிண்ணம் அவங்களுக்குத்தானாம். அங்கே பிற்பகல் 2.30 என்றால் இங்கே காலை 10 மணி, மீன் ஆயும் நேரம்.

பக்கத்துக்கு 18 பேர், நாலு நாலு கம்பம். பந்து முட்டை வடிவம். எங்கே துள்ளும் என்று உதைத்தவனுக்கே தெரியாது. நடுக் கம்பங்களுக்குள் உதைத்தால் 6 புள்ளி. தவறி ஓரக் கம்பப் பக்கம் போனால்? அதற்கும் 1 புள்ளி! இந்தச் சட்டம் இங்கே வெபர் மைதானத்தில் இருந்திருந்தால் எங்கட கிளப்பில் கிண்ணம் வைக்க அலுமாரி காணாது.

"இந்த முறை கட்டாயம் வெல்லுவம், மச்சான்." போன வருசமும் இதே குரல்தான். எங்கட ஊரில் பாடுமீன் பௌர்ணமிக்குப் பாடும் என்பார்கள். அங்கே போட்டிச் சீசன் மார்ச்சில்தான். இவன் பெப்ரவரியிலேயே பாடத் தொடங்கிவிடுகிறான்.