கிரவுண்டு கொடு, கோல் வரும்!

இந்த வாரக் கேள்விகள் அத்தனையும் வடசென்னையிலிருந்து. பழக்கம், பந்து, பெண்கள் என்று மூன்றையும் சுற்றியே வந்திருக்கின்றன.

பிளஸ் ஒன் மாணவி, எம்.கே.பி. நகர்
வியாசர்பாடிப் பக்கத்தை 'குட்டி பிரேசில்' என்று புகழ்கிறார்கள். ஆனால் எங்கள் தெருப் பெண்களில் ஒருத்தி கூட கிரவுண்டுக்குப் போவதில்லையே?

பிரேசிலிலும் ஒரு காலத்தில் அதே கதைதான். பெண்கள் கால்பந்து ஆடக் கூடாது என்று 1941-ல் அந்நாட்டு அரசு தடை போட்டது. பெண்ணின் இயல்புக்கு ஒவ்வாத விளையாட்டு என்று காரணம் சொன்னார்கள். தடை நீங்க 1979 ஆனது. அதற்குள் பிரேசில் ஆண்கள் 1958, 1962, 1970 என மூன்று உலகக் கோப்பைகளைத் தூக்கிவிட்டார்கள். கூடப் பிறந்த பெண்கள் வாசலில் நின்று கைதட்டினார்கள்.

தடை போன ஏழாவது வருஷம், 1986-ல் பிறந்தவர் மார்த்தா. ஊர்ப் பையன்களோடு மல்லுக்கட்டி ஆடி வளர்ந்தவர். மகளிர் உலகக் கோப்பைகளில் அவர் அடித்தது 17 கோல். வேறு எந்தப் பெண்ணும் அந்த எண்ணைத் தொட்டதில்லை. தங்கச்சி, நம் ஏரியாவுக்கு பிரேசில் என்று பெயர் வைப்பதில் எனக்கும் சந்தோஷம். அது மார்த்தா ஆடிய பிரேசிலாக இருக்கட்டும்.

கல்லூரி மாணவர், வியாசர்பாடி
எதையும் 21 நாள் விடாமல் செய்தால் பழக்கமாகிவிடும் என்கிறார்களே?

மேக்ஸ்வெல் மால்ட்ஸ் என்ற அமெரிக்க பிளாஸ்டிக் சர்ஜன் 1960-ல் எழுதிய புத்தகத்திலிருந்து கிளம்பிய கணக்கு அது. மாறிய முகத்துக்குப் பழக நோயாளிக்குக் குறைந்தது மூன்று வாரம் ஆகிறது என்று அவர் கவனித்தார். 'குறைந்தது' என்ற சொல் வழியில் உதிர்ந்துவிட்டது.

லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் ஃபிலிப்பா லாலி குழுவினர் 96 பேரை வைத்துப் பார்த்தார்கள். புதுப் பழக்கம் ஒன்று தானாக நடக்கும் நிலைக்கு வர நடுத்தரமாக 66 நாள் ஆனது. சீக்கிரம் பழகியவருக்கு 18 நாள், மெதுவாகப் பழகியவருக்கு 254 நாள் ஆகும் என்று கணக்கிட்டார்கள். 22-ஆம் நாள் காலையில் எழுந்திருக்கச் சோம்பலாக இருந்தால் உங்களிடம் குறையேதும் இல்லை. இன்னும் வழியில் இருக்கிறீர்கள், அவ்வளவுதான்.

இல்லத்தரசி, எருக்கஞ்சேரி
தினமும் காலையில் நடக்கணும் என்று நினைக்கிறேன். நினைப்போடு நின்றுவிடுகிறது. என்ன செய்ய?

'தினமும் காலையில்' என்பது நேரம் ஆகாது. ஏற்கெனவே தினமும் செய்கிற வேலை ஒன்றின் வாலில் இதைக் கட்டிவிடுங்கள். 'அடிபம்பில் கடைசிக் குடம் பிடித்து வைத்த கையோடு செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்புவேன்' என்று சொல்லிப் பாருங்கள். எப்போது, எங்கே, எதற்கு அப்புறம் என்று மூன்றும் அதில் வந்துவிட்டன. இப்படித் திட்டமிடுகிறவர்கள் வெறும் ஆசையோடு நிற்கிறவர்களைவிட அதிகம் செய்து முடிக்கிறார்கள் என்று ஜெர்மன் உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர் பல ஆய்வுகளில் காட்டியிருக்கிறார். மன உறுதியை நம்ப வேண்டாம்; குடத்தை நம்புங்கள், அது தினமும் நிறைந்தாக வேண்டும்.

கம்பெனித் தொழிலாளி (பெண்), திருவொற்றியூர்
ஷிஃப்ட் முடிந்து வருகிற எங்களுக்கு ஃபுட்பால் எல்லாம் எதற்கு?

அக்கா, பெண்கள் ஃபுட்பாலை வளர்த்ததே ஷிஃப்ட் முடிந்து வந்தவர்கள்தான். முதல் உலகப் போர் சமயத்தில் இங்கிலாந்தின் பிரெஸ்டன் நகரில் டிக் கெர் தொழிற்சாலையில் வெடிமருந்து வேலை செய்த பெண்கள், இடைவேளையில் முற்றத்தில் பந்து உதைக்க ஆரம்பித்தார்கள். அப்படியே அணியானார்கள். 1920 டிசம்பர் 26-ல் லிவர்பூலின் குடிசன் பார்க்கில் அவர்கள் ஆட்டத்துக்கு வந்த கூட்டம் சுமார் 53,000.

அடுத்த வருஷம் டிசம்பர் 5-ஆம் தேதி இங்கிலாந்து கால்பந்து சங்கம் ஒரு தீர்மானம் போட்டது: எங்கள் கிளப்புகளின் மைதானங்களைப் பெண்களுக்குத் தரக் கூடாது. பந்தைப் பிடுங்கவில்லை, காலைக் கட்டவில்லை. இடத்தைப் பூட்டினார்கள், அது போதுமானதாக இருந்தது. பூட்டு திறக்க ஐம்பது வருஷம் பிடித்தது. எந்த ஊரிலும் பெண்களின் விளையாட்டை நிறுத்த வேண்டும் என்றால் மைதானத்தைத் தராமல் இருந்தாலே காரியம் முடிந்துவிடும். எனக்குக் கோபம் வருகிற இடம் இது.

ஆட்டோ ஓட்டுநர், கொருக்குப்பேட்டை
லேடீஸ் மேட்ச் போட்டால் வேகம் இல்லை என்று பையன் சேனலை மாற்றுகிறான். அவன் சொல்வது சரியா?

2023 உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தின் ஒரே கோலை அவனுக்குப் போட்டுக் காட்டுங்கள். சிட்னியில் ஸ்பெயினும் இங்கிலாந்தும் மோதுகின்றன. இங்கிலாந்தின் வலப்பக்க டிஃபெண்டர் லூசி பிரான்ஸ் தன் இடத்தை விட்டு பந்தோடு நடுவில் புகுகிறார், பந்து பறிபோகிறது. அவர் விட்டு வந்த காலியிடத்தை ஸ்பெயின் பார்த்துவிட்டது. பந்து சட்டென்று அந்தப் பக்கம் மாறுகிறது. மரியோனா கால்தென்தேய் பந்தை நிறுத்தி வைக்க, பின்னாலிருந்து ஓடி வந்த ஓல்கா கார்மோனா இடக்காலால் தரையோடு தரையாகத் தூர மூலைக்கு அடிக்கிறார். 29-வது நிமிடம், 1-0, கோப்பை ஸ்பெயினுக்கு. கால் வேகத்தை யாரும் பார்க்கலாம். கண் வேகத்தைப் பார்க்கப் பழகினவன்தான் ரசிகன்.

2022-ல் பார்சிலோனா பெண்கள் ஆட்டத்தைப் பார்க்க கேம்ப் நூ மைதானத்தில் 91,648 பேர் கூடினார்கள். அத்தனை பேரும் சேனல் மாற்றத் தெரியாதவர்கள் இல்லை.

வங்கி ஊழியர், பெரம்பூர்
இந்தியப் பெண்கள் அணியைத் தொடர்ந்து கவனிக்க ஆசை. எங்கிருந்து ஆரம்பிக்கலாம்?

2025 ஜூலை 5, தாய்லாந்தின் சியாங் மாய். தரவரிசையில் 70-ஆவது இடத்தில் இருந்த இந்தியா, 46-ஆவது இடத்தில் இருந்த தாய்லாந்தை அதன் சொந்த மண்ணில் 2-1 என்று சாய்த்தது. இரண்டு கோலும் வங்காளத்தின் சங்கீதா பாஸ்ஃபோர் அடித்தவை. தகுதிச் சுற்றில் ஆடி, ஜெயித்து, ஆசியக் கோப்பைக்குள் இந்தியப் பெண்கள் நுழைந்தது அதுதான் முதல்முறை. 2022-ல் போட்டி நம் நாட்டிலேயே நடந்தும், முகாமுக்குள் கொரோனா புகுந்ததால் பாதியில் வெளியேற வேண்டி வந்தது. அந்த வலியோடு சேர்த்துப் பார்த்தால்தான் சியாங் மாயின் அருமை தெரியும்.

இன்னொன்றும் தேடிப் பாருங்கள். 2021 நவம்பரில் மனௌஸ் நகரில் பிரேசிலோடு ஆடிய ஆட்டம். 6-1 என்று தோற்றோம். ஆனால் எட்டாவது நிமிடத்தில் மனீஷா கல்யாண் கோல் அடித்து 1-1 ஆக்கினார். பிரேசில் மண்ணில், பிரேசில் வலைக்குள் ஓர் இந்தியப் பெண்ணின் பந்து! அடுத்த வருஷமே அவர் ஐரோப்பிய மகளிர் சாம்பியன்ஸ் லீகில் ஆடிய முதல் இந்தியர் ஆனார்.

ஆசிரியை, தண்டையார்பேட்டை
தமிழ்நாட்டுப் பெண்கள் யாரும் இதில் இருக்கிறார்களா?

இருக்கிறார்களாவா! தேசிய சீனியர் போட்டியை 2018-ல் கட்டாக்கில் ஜெயித்தது தமிழ்நாடு. இறுதியில் வீழ்ந்தது இந்தியப் பெண்கள் கால்பந்தின் ராணியான மணிப்பூர். 2023-ல் அமிர்தசரஸில் ஹரியானாவை வென்று மறுபடியும் பட்டம். மதுரையின் சேது எஃப்.சி. 2019-ல் இந்திய மகளிர் லீகையே கைப்பற்றியது.

கடலூருக்கு இதில் தனி இடம் உண்டு. 2004 சுனாமிக்குப் பிறகு அங்கே பயிற்சியாளர் மாரியப்பன், பாதிக்கப்பட்ட குடும்பத்துப் பெண் பிள்ளைகளைக் கூட்டிச் சேர்த்துப் பந்து கொடுத்தார். இந்திய அணியில் நடுக்களம் ஆடிய இந்துமதி கதிரேசன் கடலூர்க்காரர்தான். தமிழ்நாடு காவல்துறையில் சப்-இன்ஸ்பெக்டர். கொரோனா ஊரடங்கில் சென்னைத் தெருவில் காக்கியோடு நின்று பணி பார்த்தவர். உங்கள் வகுப்பில் இவரைப் பற்றி ஒரு நாள் சொல்லுங்கள்.

தாய், எம்.கே.பி. நகர்
எட்டாம் வகுப்பு படிக்கிற மகள் ஃபுட்பால் ஆடணும் என்று அடம். முட்டி அடிபடும், வெயிலில் கறுத்துப்போவாள், படிப்பு கெடும் என்று வீட்டில் சொல்கிறார்கள். அனுப்பலாமா?

அனுப்புங்கள் அம்மா. மூன்று பயத்தில் முதலாவது மட்டும் நியாயமானது. முட்டித் தசைநார் கிழிகிற ஆபத்து பையன்களைவிடப் பெண்களுக்கு அதிகம். அதற்கு வழியும் இருக்கிறது. 'லெவன் பிளஸ்' என்று ஃபிஃபா தயாரித்த சுமார் இருபது நிமிட வார்ம்-அப்: ஓட்டம், ஒற்றைக்கால் சமநிலை, குதித்து முட்டியை உள்ளே மடங்கவிடாமல் இறங்குவது. நார்வேயில் 13 முதல் 17 வயதுள்ள சுமார் 1,900 பெண்களிடம் சோதித்ததில் காயங்கள் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைந்தன. கோச்சிடம் நேராகக் கேளுங்கள்: 'இதைச் செய்ய வைக்கிறீர்களா?' அளவான ஸ்டட்ஸ், ஷின் பேடு இரண்டும் வாங்கிக் கொடுங்கள். அண்ணன் போட்டுப் பழசானது வேண்டாம்.

கறுப்பது குறையே இல்லை. அதை மகள் காதில் விழும்படி சொல்லுங்கள். படிப்புக்கு ஒரு நேரம், பந்துக்கு ஒரு நேரம் என்று பிரித்து வாழப் பழகிய பிள்ளைக்கு இரண்டும் வசப்படும். விளையாட்டு இட ஒதுக்கீட்டில் கல்லூரியும் வேலையும் கிடைக்கும் என்பதையும் வீட்டில் சொல்லிவையுங்கள். ஆனால் அவள் ஆடக் காரணமாக அதை மட்டும் வைக்காதீர்கள். அவளுக்குப் பிடித்திருக்கிறது, அந்தக் காரணமே போதும்.

சினிமா ரசிகர், ராயபுரம்
'பிகில்' பார்த்த பிறகுதான் பெண்கள் ஃபுட்பால் பக்கம் வந்தேன். இது உண்மையான ஆர்வம் ஆகுமா?

எந்தக் கதவு வழியாக வந்தால் என்ன, உள்ளே வந்துவிட்டீர்கள். 2019-ல் விஜய் ரசிகராக நுழைந்தவர் இப்போது இந்துமதி ரசிகராக மாறினால் ஆர்வம் வேர் பிடித்தது என்று அர்த்தம்.

பத்தாம் வகுப்பு மாணவி, காசிமேடு
நம்ம பக்கத்துப் பெண்கள் விளையாடி வெளிநாடு போனதுண்டா?

கேரம் உலக சாம்பியன் இளவழகி, 2008-ல் பிரான்சுக்குப் போய்ப் பட்டம் வென்றவர், வியாசர்பாடிப் பெண். 2024-ல் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் மூன்று தங்கம் அள்ளிய காசிமா, வடசென்னை ஆட்டோ ஓட்டுநர் ஒருவரின் மகள். 2018-ல் மாஸ்கோவில் நடந்த தெருவோரக் குழந்தைகள் கால்பந்து உலகக் கோப்பைக்கு இந்தியாவின் பெண்கள் அணியாகப் போனது, இங்கே இயங்கும் 'கருணாலயா' அமைப்பின் பிள்ளைகள்.

கேரமில் நம் பெண்கள் உலகத்தையே ஜெயித்ததற்கு அவர்கள் திறமையும் உழைப்பும் முதல் காரணம். இன்னொரு காரணமும் உண்டு. நம் பக்கம் கேரம் போர்டு இல்லாத தெருவைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். கைக்கெட்டும் தூரத்தில் போர்டு, தினமும் ஆடத் துணை. கால்பந்துக்கும் அதே வசதி கிடைத்தால் அதிலும் பெயர்கள் வரும்.

தனியார் நிறுவன ஊழியர், எண்ணூர்
2027 மகளிர் உலகக் கோப்பை பிரேசிலில். ராத்திரி விழித்துப் பார்த்துவிட்டு வேலைக்குப் போக முடியுமா?

ஜூன் 24 முதல் ஜூலை 25 வரை, 32 அணிகள். பிரேசில் நமக்கு எட்டரை மணி நேரம் பின்னால் இருக்கிறது. அங்கே பகல் ஒரு மணி ஆட்டம் நமக்கு இரவு ஒன்பதரை, தாராளமாகப் பார்க்கலாம். மாலை நாலு மணி ஆட்டம் நள்ளிரவு பன்னிரண்டரை. இரவு ஏழு மணி ஆட்டம் விடியற்காலை மூன்றரை. அதை மறுநாள் சாயங்காலம் பாருங்கள். எல்லா ஆட்டத்தையும் பார்க்க நினைக்காதீர்கள். ஓர் அணியைத் தேர்ந்து, அதன் பதினொரு பேரையும் முகம் பார்த்துப் பெயர் சொல்லும் அளவுக்குத் தெரிந்துகொள்ளுங்கள். தூக்கமும் மிஞ்சும், பற்றும் வளரும்.

கடைக்காரர், புளியந்தோப்பு
நாற்பது நாள் ஓடினேன். ஒரு நாள் விட்டுப்போச்சு. எல்லாம் வீணா?

இல்லை. லாலி குழுவின் ஆய்விலேயே ஒரு நாள் தவறியது பழக்கத்தைப் பெரிதாகப் பாதிக்கவில்லை. விட்ட நாளை எண்ணிக்கொண்டு உட்கார்ந்தால்தான் மறுநாளும் போகும். இன்றைக்கே ஓடுங்கள்.

கிளப் செயலாளர், வியாசர்பாடி
பெண்களுக்கு நேரம் ஒதுக்கினால் பையன்களின் பிராக்டிஸ் குறையாதா? கிரவுண்டு ஒன்றுதானே இருக்கிறது?

குறையும் தம்பி. மறைக்க ஒன்றுமில்லை, பகிர்ந்தால் பங்கு குறையத்தான் செய்யும். ஆனால் பையன்களுக்கு ஆறு நாளும் முழு மைதானம் தேவையா என்று யோசியுங்கள். பாஸிங், டிரிப்ளிங், வார்ம்-அப் எல்லாவற்றுக்கும் பாதி மைதானம் போதும்.

'பெண்கள் வந்தால் தருகிறோம்' என்று காத்திருக்காதீர்கள். முதலில் நேரத்தைக் குறியுங்கள். பழக்கம் குறித்த நேரத்தில்தான் பிறக்கும். கூடவே மூன்று ஏற்பாடு வேண்டும்: பூட்டு உடையாத, தண்ணீர் வருகிற கழிப்பறை, இருட்டுவதற்குள் முடிகிற பயிற்சி, வேலியோரம் நின்று கிண்டல் அடிப்பவனை வெளியே அனுப்பும் தைரியம். முதல் வாரம் நாலு பேர்தான் வருவார்கள். நாலு பேருக்காகவும் அந்த மணி நேரத்தைக் காலியாக வைத்திருங்கள், பையன்களுக்குத் திருப்பிக் கொடுத்துவிடாதீர்கள். ஒருத்தி ஆடுவதைப் பார்த்துத்தான் பக்கத்து வீட்டுக்காரி வருவாள்.

இந்த ஞாயிற்றுக்கிழமைக் கிளப் கூட்டத்தில் முதல் தீர்மானமாகப் போட்டு, போர்டில் பெயின்ட்டால் எழுதுங்கள்: 'மாலை 4.30 முதல் 5.30 வரை பெண்கள்'. சாக்பீஸில் எழுதினால் யாராவது அழித்துவிடுவார்கள்.