மைக் தயார், விஷயம்?

பாட்காஸ்ட் தொடங்குவோர் முதலில் வாங்குவது நியான் விளக்கு. அடுத்து, முகத்தில் பாதியை மறைக்கும் மைக். பேச விஷயம் மட்டும் பட்ஜெட்டில் விட்டுப்போகும். யூடியூபில் 2005-இல் ஏறிய முதல் காணொளி வெறும் 19 விநாடி: மிருகக்காட்சிசாலையில் யானைகளின் முன்னால் நின்ற ஒருவர், அவற்றின் தும்பிக்கை ரொம்ப நீளம் என்றார். சின்னச் சேதிதான், ஆனாலும் சேதி இருந்தது. புதுக்கோட்டைப் பக்கத்து வில்லேஜ் குக்கிங் சேனலோ, ஸ்டுடியோ இல்லாமல் திறந்தவெளியில் அண்டாவை ஏற்றியே 2021-இல் ஒரு கோடி சந்தாதாரர்களைத் தாண்டியது. ‘இரைச்சலாக இருந்தால் யார் கேட்பார்கள்?’ என்பீர்கள். நியாயம். அதற்குச் சட்டையில் மாட்டும் குட்டி மைக்கும், ஃபேனை அணைத்த அறையும், எதிரொலியை விழுங்க இரண்டு போர்வையும் போதும். விருந்தினர் எதைச் சொன்னாலும் ‘சூப்பர் ப்ரோ’ என்று தலையாட்டும் தொகுப்பாளரின் குரலைத் துல்லியமாகக் கேட்டு நமக்கு ஆகப்போவது என்ன?