ஓரொலிப் பல்லனுப்புநர் சிக்கல்: வடசென்னைக் குடங்களை முன்வைத்து ஓர் ஆய்வு

ஆய்வுச் சிக்கல்: கணினித் திரையில் பத்துப் பொத்தான்கள். எதை அமுக்கினாலும் தகவல் போய்ச் சேர்வது ஒரே செயற்கூறிடம். அமுங்கியது எது என்று அதற்கு எப்படித் தெரியும்? க்யூட் என்னும் நிரல் கருவித்தொகுப்பில் இதற்காகவே 'சென்டர்' என்றொரு வசதி உண்டு. அனுப்பியவர் யாரென்று சொல்லிவிடும். இது நெறிப் பிறழ்வு என்று அதன் கையேடே எச்சரித்துவிட்டு, ஆனாலும் பயன்படலாம் என்று கண்ணடிக்கிறது. இடைத்தரகராக 'சிக்னல் மேப்பர்' இருந்தது. நிரல்மொழியில் லாம்டா (பெயரில்லாச் செயற்கூறு) வந்ததும் அதன் மவுசு குறைந்தது. ஒரே ஓசையைப் பலர் எழுப்பும், கருவித்தொகுப்பே இல்லாத ராயபுரத்தில் என்ன செய்கிறார்கள் என்பதை முன்னை ஆய்வாளர் எவரும் கேட்கவில்லை. (கேட்டிருந்தால் இக்கட்டுரைக்கு வேலையில்லை.)

ஆய்வு எல்லை: கிழக்கே கடல், வடக்கே எண்ணூர் முகத்துவாரம், தெற்கே ராயபுரம் பாலம், மேற்கே ஆய்வாளரின் ஸ்கூட்டரில் பெட்ரோல் தீரும் இடம்.

ரயில்: 1856இல் ராயபுரத்தில் தொடங்கியது. பழகிவிட்டது.

ஆலைச் சங்கு: விம்கோ தீப்பெட்டி ஆலையின் பெயர் மெட்ரோ நிலையத்தில் நிற்கிறது. தரவு இல்லை.

கப்பல்: 1972ஆம் ஆண்டின் சர்வதேசக் கடல் மோதல் தடுப்பு விதிகளின்படி, 200 மீட்டரும் அதற்கு மேலும் நீளமுள்ள கப்பலின் ஊதல் 70 முதல் 200 ஹெர்ட்ஸ்; 75 மீட்டருக்கும் குட்டையானது 250 முதல் 700. ஆளின் உருவம் குரலிலேயே இருக்கிறது. எதிர்க்கப்பல் என்ன செய்யப்போகிறது என்று புரியாவிட்டால் குறைந்தது ஐந்து முறை சட்சட்டென்று ஊத வேண்டும். கருத்தரங்க அரங்குகளுக்கு இக்கடமை இன்னும் நீட்டிக்கப்படவில்லை.

லாரி: இதுவே ஆய்வின் உயிர். எண்ணூர் விரைவுச் சாலையில் துறைமுகத்துக்கு வரிசை கட்டும் கன்டெய்னர் லாரிக்கும், தெருவுக்குள் திரும்பும் தண்ணி லாரிக்கும் ஒரே ஏர் ஹாரன். கேட்பவர், மாடியில் சங்கராமீன் செதில் எடுத்துக்கொண்டிருக்கும் அக்கா. நூறு ஹாரனுக்கு அவர் கை நிற்பதில்லை. நூற்றோராவதற்குக் குடம் படியிறங்கிவிடுகிறது. எவ்வாறு?

கன்டெய்னர்காரர் முன்வண்டியைப் பார்த்து ஊதுகிறார், தண்ணிக்காரர் மேல்மாடியைப் பார்த்து ஊதுகிறார் என்பது ஒரு சாரார் கொள்கை (குழாயடி வாய்மொழி, வரிசையில் மூன்றாம் குடம்). தெருநாய் எழுந்தால் தண்ணி, எழாவிட்டால் கன்டெய்னர் என்பது மறுசாரார் (மேற்படி குழாயடி, ஐந்தாம் குடம், பச்சை, கழுத்தில் விரிசல், நான்காம் குடம் மறுப்பு).

அக்காவிடமே கேட்டோம். "ஹாரனை யாருப்பா கேட்டா? கீழ்வூட்டுல கொடம் உருள்ற சத்தம் கேட்டுச்சி, வந்துட்டேன்" என்றார். கீழ்வீட்டார், எதிர்வீட்டுக் குடத்தைக் கேட்டு வந்ததாகச் சொன்னார் (மேலது). எதிர்வீட்டார், பின்தெருக் குடத்தை (மேலதற்கும் மேலது). பின்தெருவில் விசாரித்ததில், மாடி அக்கா படியிறங்கும் சத்தமே முதன்மைச் சான்று எனத் தெரிந்தது (மேலது, கீழது, பக்கத்து வீட்டது, ஒப்புநோக்குக: நம் முனைவர் பட்ட ஆய்வேடுகளின் துணைநூற்பட்டியல், எதுவாயினும்). ஆக, அனுப்பியவர் யாரென்று ஒருவருக்கும் தெரியவேண்டிய அவசியமில்லை, மேற்கோள் போதும்.

களப்பணி நாளன்று வரிசையாய்க் குடங்கள் வந்து நின்றது, வழி தவறித் தெருவுக்குள் நுழைந்த கன்டெய்னர் லாரியின் முன்னால். ஓட்டுநர் இறங்கி, குடிக்கக் கொஞ்சம் தண்ணீர் கேட்டார். கருதுகோளுக்கு ஒத்துவராததால் நெறியாளர் அறிவுரைப்படி அந்த லாரி தரவிலிருந்து நீக்கப்பட்டது.