படம் காட்டும் படலம்

புகைப்படம் எடுப்பதை ஒரு கலை என்கிறார்கள். அப்படியொன்றும் இல்லை. கற்றுக்கொடுக்க யூடியூப் இருக்கிறது. கற்க மனமில்லாதவனுக்குக் கேமராவிலேயே 'ஆட்டோ' இருக்கிறது. எடுத்த படத்தை இன்னொரு மனிதரைப் பிடித்து உட்கார வைத்துக் கடைசிவரை பார்க்க வைப்பது இருக்கிறதே, அதுதான் கலை. அதற்கு எந்தக் கேமரா கம்பெனியும் பட்டன் வைத்துக் கொடுக்கவில்லை.

குடும்பஸ்தன் ஒருவன் ஈஎம்ஐ போட்டுக் கேமரா வாங்கினால், முதல் தவணை கட்டும்போதே வீட்டிலுள்ள ரசிகர்களை இழந்துவிடுகிறான். "நானும்தானேங்க கூட வந்தேன்? நேர்லயே பார்த்தாச்சு" என்பது என் மனைவியின் நிலைப்பாடு. மகன், "அனுப்பி வைங்கப்பா, அப்புறம் பார்க்கிறேன்" என்பான். அந்த அப்புறம் இன்னும் வரவில்லை. மகள் மட்டும் ஒன்றுவிடாமல் பார்ப்பாள். தன் முகம் இருக்கும் படங்களைத் தேடிப் பிடித்து, "இதுல கண்ண மூடியிருக்கேன், அழிச்சிடுங்க" என்று தணிக்கை செய்வதற்காக. ஊரிலிருந்து வந்த மாமனாரை ஒருமுறை மடக்கிவிட்டேன். மூணாறு தேயிலைத் தோட்டம் முழுவதையும் பொறுமையாகப் பார்த்துவிட்டு, "இதுல நீங்க எங்க மாப்பிள்ளை?" என்றார். எடுப்பவன் படத்தில் இருக்க முடியாதே என்று விளக்கினேன். "அப்ப நீங்க போனீங்கங்கறதுக்கு என்ன அத்தாட்சி?" என்றார். நீதிமன்றத்தில் குமாஸ்தாவாக இருந்தவர்.

என் அப்பா காலத்தில் இந்தத் தொல்லை இல்லை. ஆக்ஃபா கிளிக் த்ரீ என்றொரு பெட்டி. ஒரு ரோலுக்கு 12 படம். பிறகு வந்த 35 எம்எம் ரோலில் 36. திருப்பதியில் ஆரம்பித்த ரோல் கொடைக்கானலில் முடியும். விருந்தாளிக்குக் கொடுத்த காபி ஆறுவதற்குள் ஆல்பமும் முடிந்துவிடும். அவரும், "இன்னும் ரெண்டு இருந்தா நல்லா இருந்திருக்கும்" என்று நிஜமாகவே சொல்லிவிட்டுப் போவார். இன்று ஒரே அருவியை நான் எடுத்து வைத்திருக்கும் படங்களை வரிசையாகப் போட்டால், பார்ப்பவருக்குத் தண்ணீர் விழுவதே தெரியும்.

ஆகவே, என்னைப் போல் வீட்டில் செல்லாக்காசாகிப்போன சிலர் ஒன்றுகூடினோம். ஓய்வுபெற்ற வங்கி மேலாளர் ஒருவர், பல் மருத்துவர் ஒருவர், வேதியியல் ஆசிரியர் ஒருவர், இன்னும் ஓரிருவர். மாதத்தில் ஒரு ஞாயிறு மாலை, முறை வைத்து ஒருவர் வீட்டு ஹாலில் கூடுவது, ஆளுக்கு ஒரு பென்டிரைவ், டிவியில் படம், கையில் சுண்டல். வீட்டுக்காரர்கள் யாரும் ஹாலில் இருக்க மாட்டார்கள். சுண்டல் கிண்ணத்தை வைத்துவிட்டு அவர்கள் மறையும் வேகத்தைப் பிடிக்க எங்கள் யாருடைய கேமராவிலும் ஷட்டர் ஸ்பீடு இல்லை.

கலை ஆர்வத்தால் கூடுகிறோம் என்றுதான் நானும் முதலில் நினைத்துக்கொண்டிருந்தேன். பிறகுதான் சூட்சுமம் விளங்கியது. பேராவூரணி, கீரமங்கலம் பக்கம் ஆடி, ஆவணியில் மொய் விருந்து வைப்பார்கள். கறிச்சோறு போட்டு, நோட்டில் பெயரெழுதிப் பணம் வாங்குவார்கள். வாங்கியவர், கொடுத்தவர் விருந்து வைக்கும்போது மறக்காமல் போய் எழுதவேண்டும். கொஞ்சம் கூடப்போட்டு எழுதினால் மரியாதை. எங்கள் ஞாயிறு கூட்டம் அதேதான். பல் மருத்துவரின் ராஜஸ்தான் ஒட்டகங்களை நான் ஒரு மணி நேரம் வியந்தால், என் ஏற்காட்டை அவர் ஒரு மணி நேரம் வியக்கவேண்டும். நடுவில் எழுந்து போனவரின் படத்துக்கு அடுத்த மாதம் பாதிப் பேர் எழுந்து போவார்கள். வங்கி மேலாளர் இதை நோட்டுப் போட்டு எழுதவில்லை. முப்பது வருஷம் பேரேடு பார்த்தவருக்கு நோட்டு எதற்கு? "போன தடவை உங்க யானைக்கு நான் ரெண்டு தடவை 'சூப்பர்' சொன்னேன் சார்" என்று நிலுவையை மெல்ல நினைவூட்டுவார்.

பாராட்டிலும் தொகை வித்தியாசம் உண்டு. "நல்லா இருக்கு சார்" என்றால் 51 ரூபாய், முகத்துக்காக எழுதியது. "லைட் பிரமாதம்" என்றால் படத்தில் வேறு ஒன்றும் இல்லை. "ஒரு மூட் இருக்கு" என்றால் ஃபோகஸ் இல்லை. "எந்த லென்ஸ்?" என்றால் படம் நன்றாகத்தான் வந்திருக்கிறது, ஆனால் பெருமை உங்களைச் சேராது. "கொஞ்சம் க்ராப் பண்ணியிருக்கலாம்" என்பார் ஆசிரியர். எவ்வளவு என்று கேட்டால், முழுவதையும் என்பதுபோல் பார்ப்பார்.

எங்கள் குழுவில் பொய் சொல்வது கடினம். டிஜிட்டல் படம் ஒவ்வொன்றும் தன் ஜாதகத்தைத் தானே சுமந்து திரிகிறது: ஷட்டர் ஸ்பீடு, அப்பர்ச்சர், ஐஎஸ்ஓ, எடுத்த தேதி, மணி நிமிடம் வரை. கன்னியாகுமரியில் நான் எடுத்த சூரிய உதயத்தைக் காட்டி, விடியற்காலையில் எழுந்து குளிரில் நடுங்கிக்கொண்டே போனதை வர்ணித்துக்கொண்டிருந்தேன். பல் மருத்துவர் படத்தின் விவரத்தைத் தட்டினார். "ராத்திரி எட்டு நாற்பதுக்கா சார் உதயம்?" என்றார். சொத்தைப் பல்லைத் தட்டிப் பார்த்தே பழகிய கை.

"கேமராவுல இன்னும் சிங்கப்பூர் டைம் இருக்கு" என்றேன், அங்கே போய்வந்தவனின் அலட்சியத்தோடு.

வங்கி மேலாளர் சுண்டலை மென்றுகொண்டே இரண்டரை மணி நேரத்தைக் கழித்தார். "அப்ப சாயங்காலம் ஆறு பத்து" என்றார். உதயம் அந்தக் கணமே அஸ்தமனமாயிற்று.

வேதியியல் ஆசிரியருக்கு எதைக் காட்டினாலும் பத்தொன்பதாம் நூற்றாண்டுக்குப் போய்விடுவார். அவருடைய குலதெய்வம் லின்னியஸ் ட்ரைப். மதராஸ் அரசாங்கத்துக்காக 1850களில் மதுரை, தஞ்சை, திருச்சி என்று சுற்றிப் படமெடுத்த ஆங்கிலேய ராணுவ அதிகாரி. தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் அடியில் ஓடும் கல்வெட்டுகளை 1858இல் துண்டு துண்டாக எடுத்து, 21 படங்களை ஒட்டி, சுமார் 19 அடி நீளத்துக்கு ஒரே படமாக ஆக்கியவர். மெழுகு பூசிய காகிதத்தில் நெகட்டிவ், வெயிலில் ரசாயனம், கூடவே மாட்டுவண்டிப் பயணம். அதே கோயிலில் நான் செல்போனில் பனோரமா எடுத்தேன். எடுத்து முடிக்கும் முன் என் மச்சான் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு நடந்துவிட்டார். ராஜராஜன் கல்வெட்டு நெடுக அவர் மூன்று இடத்தில் நிற்கிறார், ஒவ்வோர் இடத்திலும் வெவ்வேறு எண்ணிக்கையில் கால்களோடு. ஆசிரியர் அதைப் பார்த்துவிட்டு வெகுநேரம் மௌனமாக இருந்தார். ட்ரைப்புக்கான அஞ்சலி என்று எடுத்துக்கொண்டேன்.

பல் மருத்துவர் வசதியானவர். கலிபோர்னியா டிஸ்னிலேண்ட் வரை போய்வந்தவர். 1955இல் திறந்த அந்தப் பூங்காவின் நடுவே நிற்கும் தூங்கும் அழகியின் கோட்டை, அவர் படத்தில் வானத்தை முட்டியது. "எவ்வளவு உயரம் இருக்கும், சொல்லுங்க?" என்று சவால் விட்டார். அவரவர் நூறு, இருநூறு என்று ஏலம் கேட்டோம். 77 அடிதானாம். மேலே போகப் போகக் கற்களையும் சன்னல்களையும் சின்னதாக்கிக்கொண்டே போவார்களாம்; கண் ஏமாந்து உயரம் என்று நம்பிவிடுமாம். "நம்ம தஞ்சாவூர் விமானம் 200 அடிக்கு மேல, ஏமாத்து வேலை கிடையாது" என்றார் ஆசிரியர். வெறும் 77 அடியை அத்தனை உயரமாகக் காட்டிய படத்துக்கு நான், "எந்த லென்ஸ்?" என்று மொய் எழுதினேன்.

அதற்குப் பதில் மொய் வசூலிக்கத்தான் குடும்பத்தோடு சிங்கப்பூர் போனேன் என்று சொன்னால் வீட்டில் நம்ப மாட்டார்கள். பிள்ளைகளின் கோடை விடுமுறைக்காக என்று அவர்கள் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். செந்தோசா தீவில் யுனிவர்சல் ஸ்டுடியோஸ். அங்கே சில ரோலர் கோஸ்டர்களில் ஏறுமுன் பை, போன் எல்லாவற்றையும் லாக்கரில் வைக்கவேண்டும். குறிப்பிட்ட நேரம்வரை இலவசம். தாண்டினால் சிங்கப்பூர் டாலர். "லாக்கர் எதுக்கு? அதான் அப்பா இருக்காரே" என்று என் தோளில் எல்லாவற்றையும் மாட்டினார்கள். நானும், "ஆமா, யாராவது கீழ நின்னு படம் எடுக்கணுமே" என்று பெருந்தன்மையாக ஒப்புக்கொண்டேன். உயரத்தைக் கண்டால் எனக்கு வயிற்றில் என்ன நடக்கும் என்பதைக் கல்யாணமான நாளிலிருந்து கலை என்ற பெயரால் மறைத்து வந்திருக்கிறேன். கேமரா வாங்கியதில் கிடைத்த உருப்படியான லாபம் அது ஒன்றுதான்.

பேட்டில்ஸ்டார் கேலக்டிகா என்று இரண்டு தண்டவாளங்கள், சிவப்பு ஒன்று, நீலம் ஒன்று, ஒன்றையொன்று உரசுவதுபோல் பின்னிக்கொண்டு போகின்றன. சிவப்பின் வேகம் மணிக்கு 90 கிலோமீட்டர், அதாவது நொடிக்கு 25 மீட்டர். ஷட்டரை 1/1000இல் வைத்தால் அந்த நேரத்துக்குள் வண்டி இரண்டரை சென்டிமீட்டர்தான் நகரும். படம் கல்லாக நிற்கும். ஆனால் கல்லாக நின்றால் அதில் கலை எங்கே? வண்டியோடு சேர்த்துக் கேமராவையும் திருப்பி 1/30இல் எடுத்தால் ஆள் தெளிவாகவும் பின்னணி கோடுகோடாகவும் வரும் என்பது சாஸ்திரம். அந்த 1/30 நொடியில் வண்டி 83 சென்டிமீட்டர் ஓடிவிடுகிறது என்பதைச் சாஸ்திரம் எழுதியவர்கள் சின்ன எழுத்தில் போட்டிருக்கலாம். என் மகன் ஒரு கோடாகப் பதிவானான். அவனுக்குப் பின் வரிசையில் யாரோ ஒரு மூதாட்டி, பல்செட்டு உள்படத் துல்லியமாக விழுந்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை அந்தப் படத்துக்குத்தான் நல்ல வசூல். "எக்ஸ்பிரஷன் பிரமாதம். உங்க அம்மாவா சார்?" என்றார் வங்கி மேலாளர்.

வாசலில் சுழலும் அந்தப் பெரிய உலக உருண்டையை ஆளே இல்லாமல் எடுத்துக்கொண்டு போவதென்று சபதம் செய்திருந்தேன். கூட்டத்தை மறைக்க ஒரு வழி உண்டு. லென்ஸுக்கு முன்னால் கறுப்புக் கண்ணாடி மாதிரி ஒரு என்டி ஃபில்டரை மாட்டி, பட்டப்பகலில் ஷட்டரை 30 நொடி திறந்து வைக்கவேண்டும். நடந்துகொண்டே இருப்பவர்கள் எந்த இடத்திலும் பதியும் அளவுக்கு நிற்பதில்லை, கரைந்துபோவார்கள். அசையாமல் நிற்பது மட்டும்தான் படத்தில் விழும். கேமராவைப் பைகளின் குவியல்மேல் வைத்து எடுத்தேன். அற்புதம்! அத்தனை கூட்டமும் காணாமற்போயிற்று. உருண்டை சுழல்வதால் அதைச் சுற்றியிருந்த எழுத்துகளும் கரைந்து, இது எந்த ஊர் என்பதே தெரியாமற்போயிற்று. வெறிச்சோடிய தரையில் மூன்றே மூன்று பேர் மட்டும் இமைகூட அசைக்காமல் வெகு கூர்மையாக நின்றார்கள். கையைக் கட்டிக்கொண்டு ஒரு பெண்மணி. இருபுறமும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு இரண்டு பிள்ளைகள்.

"இந்த மூணு பேரை எடிட்ல எடுத்துட்டா அவார்டு வாங்கும் சார்" என்றார் பல் மருத்துவர்.

"எடுத்துடலாம். என் குடும்பம்தான்" என்றேன். சமையலறைப் பக்கம் ஒரு பாத்திரம் சத்தமாக வைக்கப்பட்டது.

அந்தப் பயணத்தில் நான் ஏறிய ஒரே சவாரி, ஜுராசிக் பார்க் ஓடத்தில். "தண்ணிதானேங்க, கேமராவ லாக்கர்ல வச்சிட்டு வாங்க" என்று மனைவி கையைப் பிடித்து இழுத்துப் போனாள். வட்டமான ஓடம் ஊர்வலம்போல் அமைதியாகப் போய், கடைசியில் இருட்டுக்குள் மேலே ஏறி, அங்கிருந்து அப்படியே சறுக்கிவிடுகிறது. சறுக்கும் இடத்தில் ஒரு தானியங்கிக் கேமரா. அதற்கு ஆள் கிடையாது. அப்பர்ச்சர் பற்றி அபிப்பிராயம் கிடையாது. விழும் கணத்தில் ஒரு கிளிக். வெளியே வந்தால் திரையில் படம் தயார், விலையோடு. பிள்ளைகள் கைகளைத் தூக்கிக் கூத்தாடுகிறார்கள். மனைவி கண்ணில் நீர் வரச் சிரிக்கிறாள். நடுவில் ஒருவன் இரண்டு கைகளாலும் மகளின் பின்னலைப் பிடித்துக்கொண்டு, வாயைத் திறந்து, குலசாமியைக் கூப்பிடுகிறான். விலையைக் கேட்காமலே மனைவி வாங்கினாள். அதை ஹாலில் டிவிக்கு மேலே மாட்டியிருக்கிறாள். ஹாலில் டிவிக்கு மேலே மாட்டியிருக்கிறாள். மாமனார் பார்த்துவிட்டு, "சரி, போயிருக்காரு" என்று தீர்ப்பளித்தார்.

குழுவினர் மறுபடி என் வீட்டில் கூடிய ஞாயிறன்று, கீழே டிவியில் என் கலையும் மேலே சுவரில் அந்தப் படமும் ஒன்றாக ஓடின. ஒருவர் கண்ணும் கீழே இறங்கவில்லை. 'எந்த லென்ஸ்' என்று யாரும் கேட்கவில்லை. க்ராப் பண்ணச் சொல்லவில்லை. இதுவரை நோட்டில் ஏறாத பெரிய தொகை அது. வசூலானது ஆளில்லாத ஒரு கேமராவின் பெயரில்.

அன்றே ஒரு தீர்மானம் போட்டோம். இனி ஆளுக்கு 12 படம்தான், ஆக்ஃபா காலத்துக் கணக்குப்படி. எல்லோரும் கையைத் தூக்கி ஆமோதித்தோம். அடுத்த மாதம் வங்கி மேலாளர் 12 படங்களோடு வந்தார். ஒவ்வொன்றும் ஒன்பது படங்களை ஒட்டிய கொலாஜ். வட்டி போடத் தெரிந்தவரிடம் அசலை மட்டும் கட்டுப்படுத்தி என்ன பயன்?

இவ்வளவு நேரம் பொறுமையாக நான் காட்டியதையெல்லாம் பார்த்துவிட்டீர்கள். எங்கள் குழு வழக்கப்படி நான் இப்போது உங்களுக்குக் கடன்பட்டவன். உங்கள் கொடைக்கானல் படங்களைத் தாராளமாகக் கொண்டு வாருங்கள். கோக்கர்ஸ் வாக்கில் பனிமூட்டத்தைத் தவிர வேறெதுவும் விழாத படம் ஒன்று உங்களிடமும் இருக்கும், எனக்குத் தெரியும். "ஒரு மூட் இருக்கு சார்" என்று கூடப்போட்டே எழுதுவேன். என்னிடம் ஏற்காடு இன்னும் பாக்கி இருக்கிறது.