மூச்சை இழுத்து விடுங்கள், பட்டதாரிகளே!

கம்பஸ் பிள்ளைகளுக்குத் தன்னம்பிக்கை போதாதாம். கண்டுபிடித்தவர்கள் எல்லாரும் பென்சனுள்ள உத்தியோகத்தர்கள். வைத்தியமும் அவர்களிடமே உண்டு: ஒரு பயிலரங்கு, ஒரு பதாகை, கொழும்பிலிருந்து கோட்டுப் போட்ட பேச்சாளர், நடுவில் ரோல்சும் பிளேன்ரீயும். "கண்ணை மூடுங்கள். ஐந்து வருடத்தில் எங்கே நிற்பீர்கள்?" என்பார் பேச்சாளர்.

எங்கே நிற்பது ஐயா? மட்டக்களப்பு வாவிக்கரைக் காந்திப் பூங்காவில்தான். 2017 பெப்ரவரியில் வேலையற்ற பட்டதாரிகள் அங்கேதான் சத்தியாக்கிரகம் தொடங்கினார்கள். வெயிலும் பனியுமாக வாரக்கணக்கில் குந்தியிருந்தார்கள். தன்னம்பிக்கை இல்லாதவன் செய்கிற வேலையா அது? அரசாங்கத்தின் வாக்குறுதியை நம்பி ரோட்டோரத்தில் உட்கார்வதற்கு எவ்வளவு நம்பிக்கை வேண்டும்! பிறகு 2020இல் அரசு மனமிரங்கியது. பட்டதாரிகளைப் 'பயிலுநர்' என்று எடுத்து, மாதம் 20,000 ரூபாய் கொடுத்தது. பட்டம் முடித்தவன் மறுபடியும் பயிலுநர்!

அடுத்த அமர்வு, நேர முகாமைத்துவம். கொரோனா தின்ற மாதங்கள், 2022இல் பெற்றோல் வரிசை தின்ற மாதங்கள், 2024இல் கல்விசாரா ஊழியரின் வேலைநிறுத்தம் தின்ற இரண்டு மாதம். நாலு வருடப் படிப்பை இழுத்தடித்தவர்கள், அதில் அகப்பட்ட பிள்ளைக்கு நேரத்தின் அருமையைப் போதிக்கிறார்கள். வீட்டுக்கு வந்தால் மாமி வாசலிலேயே கேட்பா: "என்ன மனே, எப்ப வேல?"

கடைசி அமர்வு, 'கடந்ததை மறப்போம்'. எதை மறப்பது? கிழக்குப் பல்கலைக்கழகத்தின் வந்தாறுமூலை வளாகத்தில் தஞ்சமிருந்த 158 பேரை 1990 செப்டம்பர் 5இல் இராணுவம் கொண்டுபோனது. ஒருவரும் திரும்பவில்லை. அதே பல்கலைக்கழகத்தின் உபவேந்தர் சி. இரவீந்திரநாத் 2006 டிசம்பரில் கொழும்பில் வைத்துக் காணாமலாக்கப்பட்டார். உபவேந்தருக்கே பொறுப்புச் சொல்லாத நாட்டில், எதிர்காலத்தை எண்ணிப் பிள்ளை பயந்தால் அது நோயாம்! பயப்படாதவனையல்லவா வைத்தியரிடம் கொண்டுபோக வேண்டும்?

பகிடி வேறு, வருத்தம் வேறு. மனம் உண்மையிலேயே உடைந்து போகிற பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்களுக்குத் தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற தொலைபேசி இலக்கம் இருக்கிறது. கோட்டுப் போட்டவரின் கைதட்டல் உதவாது.

ஆகவே பெரியவர்களே, அடுத்த பதாகை அடிக்கக் கொடுக்குமுன் பரீட்சைத் திகதியையும் ஆட்சேர்ப்புத் திகதியையும் அறிவித்து, அதன்படி நடந்து காட்டுங்கள். ரோல்ஸ் நீங்களே சாப்பிடுங்கள்.